முளையை அளந்தது யார்?

பாபநாசம் அணையில் மதகு திறந்த செய்தி நாளிதழில் வந்த அன்றே புன்னைக்காயல் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் வந்துவிடாது. எட்டு அணைக்கட்டுகள், அவற்றின் கால்வாய்கள், கால்வாய்களின் குளங்கள் எல்லாம் குடித்து முடித்த பிறகு மிஞ்சுவதே கடைமடைக்கு. தாமதமாக வரும் தண்ணீர், நடவுக்குக் கிடைக்காத ஆள், உப்பேறும் மண், டிசம்பரில் மூழ்கடிக்கும் மழை. இந்த நான்குக்கும் நடுவே நெல்லுக்குக் கிடைக்கும் அவகாசம் சில வாரங்கள்தான். அந்தச் சில வாரங்களில் எந்த நெல் முந்தி எழும் என்று சொல்லும் பட்டியல் எதுவும் இங்குள்ள விவசாயியின் கைக்கு வந்து சேரவில்லை.

நாட்டு நெல்லைப் பற்றி நாம் பேசாத நாளில்லை. கருப்புக் கவுனிக்கு ஒரு மருத்துவக் குணம், மாப்பிள்ளைச் சம்பாவுக்கு ஒரு கதை, பூங்காருக்கு ஒரு சிபாரிசு. எல்லாமே நெல் அரிசியாகி, சோறாகி, இலைக்கு வந்த பிறகான பேச்சு. விதைத்த ஏழாம் நாள் முளை எவ்வளவு உயரம், பதினான்காம் நாள் எத்தனை இலை, இருபத்தோராம் நாள் பயிர் தரையை மூடியதா இல்லையா என்று கேட்பவர் குறைவு. கடைமடைக்காரருக்கு முதலில் வேண்டியது இந்தக் கணக்கு. சோறு அப்புறம்.

ஆற்றின் கடைசி வாய்

பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடிவரும் தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் புன்னைக்காயல். ஊர் கடலோடிகளுடையது. வலையும் வள்ளமும் உப்பளமும்தான் கண்ணில் படும். கொஞ்சம் மேற்கே போனால் சேர்ந்தபூமங்கலம், முக்காணி, ஆத்தூர் என்று வாழையும் வெற்றிலையும் நெல்லும் தொடங்கிவிடுகின்றன. ஆற்றின் எட்டாவதும் கடைசியுமான அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம், 1870-களில் கட்டி முடிக்கப்பட்டது. அதன் வடகால், தென்கால் இரண்டையும் நம்பி ஏறத்தாழ 25,000 ஏக்கர் இருக்கிறது. இந்த நிலத்தின் வால்பகுதி கடலோரம்.

இந்த மண்ணே ஆறு கொண்டுவந்து கொட்டியது. பாண்டியரின் துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்நாட்டில் ஒரு சிற்றூர். கடல் விட்டுப்போன இடத்தில் உப்பு மட்டும் முழுவதும் விட்டுப்போவதில்லை. ஆற்றில் நீர் குறையும் மாதங்களில் கழிமுகம் வழியாக உவர்நீர் மேலேறும். நெல்லின் வாழ்நாளில் உப்பு மிக மோசமாகத் தாக்கும் பருவங்கள் இரண்டு: ஒன்று நாற்றுப் பருவம், மற்றொன்று பூக்கும் பருவம். முதல் பருவத்தைச் சீக்கிரம் கடக்கும் பயிருக்கு ஒரு கண்டம் கழிந்த மாதிரி.

பிசானப் பருவத்துக்குத் தண்ணீர் அக்டோபரில் திறந்தாலும், கடைமடையில் நாற்றுப் பாவி, நாற்றுப் பறித்து, நட்டு முடிக்க நவம்பர் கடைசி ஆகிவிடும் ஆண்டுகள் உண்டு. அப்படி நட்ட பயிர் டிசம்பர் நடுவில் வேர் பிடித்து, நட்டு இரண்டு மூன்று வாரமே ஆன பிள்ளையாக நிற்கும். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் என்ன நடந்தது என்பதை இந்தப் பகுதியில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கச் சராசரியாகப் பெய்வதைவிட அதிகம். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. குளக்கரைகள் உடைந்தன, ஏரல் தீவானது, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஒரு ரயிலே பயணிகளுடன் மாட்டிக்கொண்டது.

அந்த மழைக்கு எந்த விதையும் தாக்குப்பிடித்திருக்காது. அதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும். ஆனால் எல்லா டிசம்பரும் 2023 அல்ல. வயலில் முழங்கால் தண்ணீர் நான்கைந்து நாள் நிற்கும் சாதாரணக் கார்த்திகைகள்தான் அதிகம். அக்டோபர் முதல் வாரத்தில் காய்ந்த நிலத்தில் விதைத்து, முதல் மழையில் முளைத்த பயிர் டிசம்பர் நடுவில் அறுபது நாளைத் தாண்டியிருக்கும். முழங்கால் தண்ணீர் அதற்கு முழங்கால் தண்ணீர்தான். நட்டு மூன்று வாரமான பயிருக்கோ அது தலைக்கு மேலே போன வெள்ளம்.

ஒரே கோட்டிலிருந்து ஓட்டம்

நடவைக் கைவிட்டு நேரடி விதைப்புக்குப் போங்கள் என்று வேளாண் துறை சொல்லத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. காரணங்கள் நியாயமானவை. நாற்றங்கால் வேண்டாம், சேற்றுழவுக்கான தண்ணீர் மிச்சம், நடவுக்கூலி மிச்சம். கால்வாய்த் தண்ணீரை எதிர்பார்த்து நாற்றங்காலில் காத்திருக்க வேண்டாம் என்பது கடைமடைக்குக் கூடுதல் லாபம். இருந்தும் பலர் ஒருமுறை செய்துபார்த்துவிட்டு நடவுக்கே திரும்பிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் வரும்: களை.

நடவு வயலில் நெல்லுக்கு ஒரு சலுகை உண்டு. நாற்றங்காலில் இருபது, இருபத்தைந்து நாள் வளர்ந்து, வயலுக்கு வரும்போதே ஒரு சாண் உயரத்தில் வருகிறது. சேற்றில் உழுது மிதித்த களை அப்போதுதான் கண்விழிக்கும். தேங்கி நிற்கும் தண்ணீர் அதன் மூச்சை அடைக்கும். நேரடி விதைப்பில் இந்தச் சலுகை எதுவும் கிடையாது. நெல்லும் குதிரைவாலிப் புல்லும் கோரையும் ஒரே நாளில், ஒரே ஈரத்தில் புறப்படுகின்றன. முதலில் இலை விரித்து நிழல் போடுவது எதுவோ, வயல் அதற்கு.

இங்கேதான் தொடக்க வீரியம் என்ற குணம் வருகிறது. பெயர் பெரிதாகத் தெரிந்தாலும் விஷயம் விவசாயிக்குப் புதிதல்ல. 'பயிர் கிளம்பிவிட்டது' என்று வரப்பில் நின்று சொல்வார்களே, அதுதான். ஆழத்திலிருந்தும் மண்ணைத் துளைத்து முளை வெளியே வருகிற வேகம், முதல் இரண்டு இலைகளின் அகலம், மூன்று வாரத்துக்குள் தரையை மூடும் பச்சை, அதற்குள் வேர் இறங்கிய ஆழம். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, அது பயிரைப் பற்றிய வாக்கியம் என்பதையே மறந்துவிட்டோம்.

குட்டையானதில் இழந்தது

இந்தக் குணம் ஏன் குறைந்தது என்பதைக் கோதுமையின் கதை நன்றாகச் சொல்கிறது. 1960-களில் வந்த குட்டைக் கோதுமைகள் இந்தியாவின் பசியை ஆற்றியவை. அதில் சந்தேகமில்லை. உரம் போட்டால் உயர்ந்து சாய்ந்துவிடும் பழைய கோதுமைக்குப் பதிலாக, உரத்தைத் தின்று கதிராக மாற்றும் கட்டையான செடிகள் அவை. ஆனால் செடியைக் குட்டையாக்கிய அதே மரபணுக்கள், மண்ணைத் துளைத்து மேலே வரும் முளைக்குருத்தின் உறையையும் குட்டையாக்கின. முதல் இலைகளையும் சிறிதாக்கின. பாசனமும் உரமும் தாராளமாக இருந்த வயலில் யாருக்கும் இது உறைக்கவில்லை.

உறைத்தது ஆஸ்திரேலியாவில். அங்கே கோதுமை மானாவாரி. விதைத்த பிறகு பயிர் மூடாமல் கிடக்கும் வெறுந்தரையிலிருந்து, பெய்த மழையில் பெரும்பங்கு ஆவியாகிப் போய்விடும். தரையைச் சீக்கிரம் மூடும் கோதுமை வேண்டும் என்று அந்நாட்டு அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ-வில் ரிச்சர்ட் ரிச்சர்ட்ஸ், கிரெக் ரெபெட்ஸ்கி போன்றவர்கள் தேடத் தொடங்கினார்கள். பல நாட்டு வீரியமான கோதுமைகளை ஒன்றோடொன்று கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் அகன்ற முதல் இலை கொண்டதை மட்டும் எடுத்து மறுபடி கலந்தார்கள். பல ஆண்டு பொறுமை. கருவி என்று பார்த்தால் பெரும்பாலும் ஓர் அளவுகோல். கூடவே, செடியைக் குட்டையாக வைத்துக்கொண்டு முளையை மட்டும் நீளவிடும் வேறு குட்டை மரபணுக்களையும் கண்டார்கள்.

பார்லி ஏன் கோதுமையைவிட வேகமாகக் கிளம்புகிறது என்றும் அவர்கள் பார்த்தார்கள். விதைக்குள் இருக்கும் கரு பெரிது, முதல் இலைகள் மெல்லியவை, அகலமானவை. அவ்வளவுதான் ரகசியம். எளிமையான விடை, ஆனால் யாராவது உட்கார்ந்து அளந்திருக்க வேண்டியிருந்தது.

பிரிட்டனில் வேறொரு செய்தி. 1920-களிலும் 30-களிலும் வாட்கின்ஸ் என்பவர் 32 நாடுகளிலிருந்து சேகரித்த நாட்டுக் கோதுமைகளில் 827 வகைகள் இன்றும் காக்கப்படுகின்றன. இந்தியாவின் கோதுமைகளும் அதில் உண்டு. 2024-இல் அவற்றின் மரபணுத் தொகுதியை முழுவதும் படித்து முடித்தபோது, அதிலிருக்கும் மரபு வளத்தில் 60 விழுக்காட்டுக்கும் மேல் இன்றைய கோதுமைகளில் இல்லவே இல்லை என்று தெரிந்தது. நூறாண்டு முன்பு ஒருவர் சேர்த்துவைத்த விதை, அவர் நினைத்தே பார்த்திராத வெயிலுக்கு மருந்து தேட இப்போது உதவுகிறது.

கோதுமை நமக்கு அயல் வீட்டுச் சங்கதி என்று ஒதுக்கவும் முடியாது. 2022 மார்ச்சில் வடக்கே அடித்த வெயிலில் கோதுமை சுருங்க, அந்த ஆண்டு மே 13 அன்று ஏற்றுமதியை ஒன்றிய அரசு நிறுத்தியது. ரேஷன் கடையில் கோதுமை வாங்கும் தூத்துக்குடிக் குடும்பத்துக்கும் அந்த வெயிலில் பங்குண்டு. சீக்கிரம் கிளம்பிச் சீக்கிரம் முற்றும் கோதுமை அந்த மார்ச்சிலிருந்து தப்பியிருக்கக்கூடும்.

நெல்லிலும் இதே கதைதான் நடந்தது. 1966-இல் வந்த ஐ.ஆர். 8-க்கும் அதன் வழிவந்த பெரும்பாலான ரகங்களுக்கும் குட்டைத்தன்மை தந்தது தைவான் வழி வந்த ஒரே மரபணு. அவை நாற்றங்காலுக்கும் நடவுக்கும் ஏற்றவை. நடவு இருந்தவரை முளை வீரியத்தை யாரும் கேட்கவில்லை, கேட்காததால் யாரும் தேர்ந்தெடுக்கவும் இல்லை. இன்றைக்கு நடவை விடச் சொல்கிறோம். விதை மட்டும் இன்னும் நடவுக்கான விதையாகவே இருக்கிறது.

பழைய மூட்டைக்குள் புதிய வேர்

நாட்டு ரகங்களைச் சலித்துப் பார்த்ததில் கிடைத்தவை சாதாரணமானவை அல்ல. கிழக்கிந்தியப் பகுதி மரபைச் சேர்ந்த கசலத் என்ற நாட்டு நெல், மணிச்சத்து இல்லாத மண்ணிலும் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். ஏன் என்று தேடியவர்கள் 2012-இல் அதற்குக் காரணமான மரபணுவைப் பிடித்தார்கள். அது செய்வது ஒரே வேலை: இளம் பயிரின் வேரை முந்தி வளரவைப்பது. உலகம் முழுக்க நெல்லுக்கு அளவுகோலாக வைத்துப் படித்த ஜப்பான் ரகத்தில் அந்த மரபணுவே இல்லை. அதாவது, அந்த ஒரு ரகத்தை மட்டும் படித்துக்கொண்டிருந்தால் இப்படி ஒன்று உண்டு என்பதே தெரிந்திருக்காது.

விதைத்த மறுநாளே மழை கொட்டி வயல் குளமானால் நேரடி விதைப்பு அழுகிப்போகும். தண்ணீருக்கடியிலேயே முளைத்து மேலே வரும் நெல் உண்டா என்று பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 8,000-க்கும் மேற்பட்ட விதைகளைச் சோதித்தது. தேறியவை விரல்விட்டு எண்ணும் அளவே. அவற்றில் ஒன்று மியான்மரின் நாட்டு நெல்லான காவ் லான் ஆன். அதன் குணத்துக்கான மரபணுவும் பிறகு கண்டறியப்பட்டது.

இதற்கு நேர்மாறான ஒன்று ஒடிசாவிலிருந்து வந்தது. எஃப்.ஆர். 13ஏ என்ற அந்த நெல், முழுதாக மூழ்கினால் வளர்வதை நிறுத்திவிட்டு மூச்சடக்கி இருக்கும். இரண்டு வாரம் கழித்துத் தண்ணீர் வடிந்ததும் எழுந்துகொள்ளும். தமிழ்நாட்டில் இன்று பயிராகும் சி.ஆர். 1009 சப் 1 ரகத்துக்குள் இருப்பது அந்தக் குணம்தான். வேடிக்கையைப் பாருங்கள்: முளைக்கும்போது மூழ்கினால் ஓட வேண்டும், வளர்ந்தபின் மூழ்கினால் சும்மா இருக்க வேண்டும். கடைமடைக்கு இரண்டும் வேண்டும். இரண்டையும் ஒரே நாட்டு ரகத்தில் எதிர்பார்ப்பது பேராசை, ஆகவேதான் பல ரகங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் ஆற்றின் மேல்முனையிலேயே ஒரு சாட்சி உண்டு. 1937-இல் தொடங்கிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பழைய ரகங்களில் ஒன்று ஏ.எஸ்.டி. 7. புகையான் பூச்சி ஆசியாவின் நெல்வயல்களை எரித்தபோது, அதைத் தாங்கும் குணத்துக்கான இரண்டாவது மரபணு இந்த ரகத்தில்தான் அடையாளம் காணப்பட்டது. ஆண்டு 1971. தாமிரபரணித் தண்ணீரில் விளைந்த ஒரு நெல்லுக்குப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சியில் இடம் கிடைத்தது. அம்பை 16 என்றால் தெரியாத வீடு நெல்லையில் இல்லை. ஏ.எஸ்.டி. 7 என்றால் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்த மாவட்டத்தின் புழுதி

தூத்துக்குடிக் கடற்கரையை விட்டு வடக்கே ராமநாதபுரத்துக்குப் போனால் நேரடி விதைப்பு யாரும் கற்றுக்கொடுக்காமலே நடந்துகொண்டிருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிடுவார்கள். விதை மண்ணுக்குள் மழைக்குக் காத்திருக்கும். மழை வந்தால் களையோடு சேர்ந்து முளைக்கும், மழை விட்டால் காயும், பிறகு ஒரே மழையில் மூழ்கும். நொறுங்கன், குழியடிச்சான், நூற்றிப்பத்து, கல்லுருண்டைக்கார், குறுவைக்களஞ்சியம் என்று அங்கே பேர் வாங்கிய நெல்வகைகள் இப்படித் தலைமுறை தலைமுறையாக வடிகட்டப்பட்டவை. பின்தங்கிய முளையின் விதை அடுத்த ஆண்டுக்கு வந்திருக்கவே முடியாது.

வறட்சி தாங்கும் குணத்துக்காக இவற்றில் சிலவற்றைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நன்றாகவே படித்திருக்கிறார்கள். மானாவாரி நெல்லுக்காகப் பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் பி.எம்.கே. வரிசையையும் அண்ணா 4-ஐயும் தந்திருக்கிறது. நான் கேட்பது கூடுதலாக ஒரு கேள்விதான். இதே நெல்கள் ஆற்றுப்பாசனக் கடைமடையில், உப்புக் கலந்த களிமண்ணில், களையோடு போட்டியிட்டால் இருபத்தோராம் நாள் எப்படி இருக்கும்? வேதாரண்யம் பக்கத்து உவர்மண்ணில் பழகிய குடவாழையைச் சேர்ந்தபூமங்கலத்தில் போட்டால் என்ன ஆகும்? உவர் நிலத்துக்கென்றே பேர்போன களர்பாலை அங்கே எப்படிக் கிளம்பும்?

நெல்லைச் சீமையில் நிலத்தை அளக்க ஒரு பழைய கணக்கு உண்டு. இத்தனை கோட்டை விதைப்பாடு, இத்தனை மரக்கால் விதைப்பாடு என்பார்கள். எவ்வளவு விதை பிடிக்குமோ அதுவே நிலத்தின் அளவு. விதையால் நிலத்தை அளந்தவர்கள் நாம். விதையை அளக்காமல் விட்டோம்.

முத்துச் சலாபத்தின் முன்னேற்பாடு

முத்துக்குளிப்பைப் பற்றி இந்தக் கரையில் எல்லோரும் சொல்வது கடலடியில் மூச்சடக்கிய கதையை. எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் நடந்த வேலை. சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, கூறுவதற்கு முன் அதிகாரிகள் படகில் ஒவ்வொரு பாருக்கும் (கடலடிச் சிப்பித் திட்டுக்கும்) போய், குளியாளை இறக்கி மாதிரிக்குச் சிப்பி எடுப்பார்கள். அதை அழுகவிட்டு, அலசி, கிடைத்த முத்துக்களை மதிப்புப் போடுவார்கள். மதிப்பு தேறிய பாரில் மட்டும் குளிப்பு அறிவிக்கப்படும். சிப்பிக்கு வயது போதாதென்றால் விட்டுவிடுவார்கள். மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதன்பிறகு பார்கள் தேறவில்லை.

நாட்டு நெல் விஷயத்தில் நாம் மாதிரி எடுக்காமலே சலாபம் கூறிக்கொண்டிருக்கிறோம். திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் ஊர் ஊராக அலைந்து 170-க்கும் மேற்பட்ட நாட்டு நெல்வகைகளை மீட்டுவைத்துவிட்டு 2018-இல் மறைந்தார். அவர் பெயரில் அரசு ஒரு பாதுகாப்பு இயக்கமே நடத்துகிறது. விதைத் திருவிழாக்களில் இரண்டு கிலோ வாங்கி, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித்தரும் வழக்கம் அழகானது. ஆனால் அந்த இரண்டு கிலோ பையின் மேல் என்ன எழுதியிருக்கிறது? பெயர், வயது, மிஞ்சினால் ஒரு மருத்துவக் குணம். எந்த மண்ணில், எத்தனை நாளில், எவ்வளவு எழும்பியது என்பது இருக்காது. வாங்கிப்போகிறவர் தன் வயலிலேயே தன் செலவில் சோதனை செய்கிறார். தோற்றால் 'நாட்டு நெல் நமக்கு ஆகாது' என்று முடிவுகட்டிவிடுகிறார்.

கண்மூடி நம்பவும் வேண்டாம்

வேகமாகக் கிளம்புவதெல்லாம் நல்லதல்ல. நாட்டு நெல்லில் பல, கழுத்தளவு வளர்ந்து மார்கழிக் காற்றில் படுத்துவிடும். படுத்த பயிரை அறுக்க இயந்திரம் தயங்கும், அறுத்தாலும் நெல் கொட்டும். சில வகைகள் 150 நாளுக்கு மேல் நிற்கும். பிசானத் தண்ணீர் அதுவரை கடைமடைக்கு வராது. மழை பொய்க்கும் ஆண்டில் தொடக்கத்திலேயே நீரைக் குடித்துத் தீர்த்த பயிர், கதிர் வைக்கும்போது காய்ந்து நிற்கும் ஆபத்தும் உண்டு. ஆகவே எல்லோரும் நொறுங்கனுக்கு மாறுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நொறுங்கனின் முதல் மூன்று வாரத்தை அம்பை 16-க்குள் கொண்டுவர முடியுமா என்பதே பார்க்க வேண்டியது.

அளப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. விதை பழையதென்றால் முளை தளரும், பெருநெல் என்றால் முளை தடிக்கும். போன மாதம் அறுத்த மாப்பிள்ளைச் சம்பாவையும் இரண்டு வருடம் மூட்டையில் கிடந்த தூயமல்லியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இது வீரியம், அது நோஞ்சான் என்றால் அது அநியாயம். எல்லா ரகத்தையும் ஒரே வயலில், ஒரே பருவத்தில் விளைவித்து எடுத்த விதையைக்கொண்டுதான் சோதிக்க வேண்டும். இதற்கே ஒரு பருவம் போகும். போகட்டும்.

களைக்கொல்லியா, நிழலா?

நேரடி விதைப்பின் களைப் பிரச்சினைக்கு வேறு வழியும் முன்வைக்கப்படுகிறது. ஒரு குறிப்பிட்ட களைக்கொல்லியைத் தெளித்தாலும் சாகாத பாஸ்மதி ரகங்களைப் புதுதில்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. மருந்தடித்தால் களை மட்டும் சாகும். கேட்க எளிதாக இருக்கிறது. ஒரே மருந்தை ஆண்டுதோறும் அடித்தால் களையும் பழகிக்கொள்ளும் என்பது உலகெங்கும் பார்த்த அனுபவம். வயல் வடிகால் குளத்துக்கும், ஆற்றுக்கும், கடைசியில் மீன்குஞ்சுகள் வளரும் கழிமுகத்துக்கும் போகும் ஊரில் இதை இன்னும் கூடுதலாக யோசிக்க வேண்டும். விவசாயி அடித்ததை மீனவர் சுமக்கும்படி ஆகக்கூடாது.

2025 மே மாதம் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை ஒன்றிய அரசு அறிவித்தது. அதிலொன்று வறட்சியையும் உவரையும் தாங்கும் என்கிறார்கள். வரவேற்பும் எதிர்ப்பும் அன்றிலிருந்து ஓயவில்லை. அந்த வழக்கில் நான் இப்போது தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. இனக்கலப்பு செய்தாலும் சரி, மரபணுவைத் திருத்தினாலும் சரி, எதை எங்கிருந்து எடுப்பது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு யாராவது வயலில் குனிந்து முளையை அளந்துதான் ஆக வேண்டும்.

களைக்கொல்லியை விற்க நிறுவனம் இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது. முளையின் வேகத்தை விற்க யாருமில்லை. ஒருமுறை விதைக்குள் வந்துவிட்டால் அதற்கு ஆண்டுச் செலவு கிடையாது. இந்த வேலையைப் பொதுப்பணத்தில் அரசு நிலையங்கள்தான் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

செய்ய வேண்டியது

தூத்துக்குடி மாவட்டத்துக்குள்ளேயே கிள்ளிகுளத்தில் வ.உ.சிதம்பரனார் பெயரில் வேளாண் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. ஆற்றின் தலைமாட்டில் அம்பாசமுத்திரம் நிலையம். கோவையில் நெல் ஆய்வுக்கு முன்னோடியான ராமையாவின் பெயரிலேயே மரபணு வங்கி. இவை மூன்றும் கைகோத்து, முதல் சுற்றுக்கு ஐம்பது நாட்டு ரகங்களைத் தேர்ந்தெடுக்கலாம். ராமநாதபுரத்துப் புழுதி நெல்லும், நாகைக் கடற்கரையின் உவர் நெல்லும், நெல்லையின் பழைய கார், பிசான வகைகளும் அதில் இருக்க வேண்டும். ஒப்பிட அம்பை 16-ஐயும் அண்ணா 4-ஐயும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

சோதனை ஆராய்ச்சி நிலையத்தின் செழித்த வயலில் மட்டும் நடந்தால் பயனில்லை. முக்காணி, சேர்ந்தபூமங்கலம் பக்கத்துக் கடைமடை விவசாயிகளின் நிலத்தில், வாடகை கொடுத்து, தோற்றால் நட்டஈடும் தந்து நடத்த வேண்டும். பாதிப் பாத்தியில் களையெடுக்க வேண்டும், மறுபாதியை வேண்டுமென்றே களையோடு விட வேண்டும். அந்த மறுபாதிதான் உண்மையைச் சொல்லும்.

அளக்கப் பெரிய கருவிகள் வேண்டாம். ஏழாம் நாள் எத்தனை முளை வந்தது, பதினான்காம் நாள் முதல் இரு இலைகளின் அகலம், இருபத்தோராம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் பயிரின் உயரம். மேலிருந்து கைப்பேசியில் ஒரு படம் எடுத்தால் தரையில் எத்தனை பங்கு பச்சை என்று கணினி எண்ணிச் சொல்லிவிடும். ஏரல், ஆத்தூர் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள் இதைச் செய்யலாம். மண்ணின் உப்பு அளவை மட்டும் ஆய்வுக்கூடம் பார்த்துத் தரட்டும்.

முடிவுகள் ஆய்விதழ்களில் ஆங்கிலத்தில் வருவது வரட்டும். அதற்கு முன்பே ஒரு பக்கத் தமிழ்ச் சீட்டாக வேளாண் விரிவாக்க மையங்களிலும் விதைத் திருவிழாக்களிலும் விதைப்பையோடு சேர்த்துக் கொடுக்கப்பட வேண்டும். முந்தியவை எவை, பின்தங்கியவை எவை என்று இரண்டும் அதில் இருக்க வேண்டும். தோற்ற ரகத்தின் பெயரை மறைப்பது நாட்டு நெல்லுக்குச் செய்யும் உதவி ஆகாது.

தேறிய ரகம் எந்த ஊரில் யார் காத்துவந்ததோ, அந்த ஊரின் பெயரில் 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் பதிவு செய்ய மாவட்ட நிர்வாகம் கைகொடுக்க வேண்டும். நாளை அதிலிருந்து ஒரு புது ரகம் பிறந்தால் அந்த ஊர் தன் பங்கைக் கேட்க அது உதவும்.

நீர்வளத் துறைக்கும் ஒரு வேலை இருக்கிறது. நல்ல விதை வந்துவிட்டால் தண்ணீரைத் தாமதமாகத் தரலாம் என்று யாரும் கணக்குப் போட்டுவிடக் கூடாது. தென்கால், வடகால் கடைசி மடைகளில் தண்ணீர் வந்து சேர்ந்த நாளை ஒவ்வொரு பருவமும் பலகையில் எழுதி வைக்கட்டும். எந்த நெல்லுக்கு எத்தனை நாள் முந்த வேண்டும் என்பது அந்தத் தேதியிலிருந்துதான் தெரியும்.

ஐம்பதில் குறுகிய வயதுக்காரர்களின் விதையை ஒரே வயலில் பெருக்க ஒரு கார் பருவம் போதும். ஜூனில் கிள்ளிகுளத்தில் விதைத்தால் செப்டம்பர் கடைசிக்குள் அவற்றின் புது விதை கையில் இருக்கும். நீண்ட வயதுக்காரர்களை இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ளலாம். அக்டோபர் முதல் வாரம் சேர்ந்தபூமங்கலத்தில் புழுதியில் போட்டால், தீபாவளிக்குப் பலகாரம் சுடும் நேரத்தில் இருபத்தோராம் நாள் கணக்கு வந்துவிடும்.